லங்காஸ்டரின் துப்பாக்கி வீரர் எப்படி இறந்தார்? தேடும் வழி

இரண்டாம் உலகப்போரில் லங்காஸ்டர் போன்ற குண்டுவீச்சு விமானங்களை இயக்கிய பிரிட்டனின் பாம்பர் கமாண்டில் இறந்த விமானக் குழுவினர் 55,573 பேர். அவர்களில் ஒரு துப்பாக்கி வீரரின் முடிவைத் தேடுகிறவர்கள் பெயரையே பிடித்துக்கொண்டு அலைவார்கள். பிடிக்க வேண்டியது விமானத்தின் பதிவு எண். அந்த இரவைப் பற்றிய காகிதங்கள் ஆளின் பேரில் கொஞ்சம், விமானத்தின் பேரில்தான் அதிகம்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தொடங்குங்கள், இலவசம். படை எண், பதவி, ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), இறந்த தேதி, கல்லறை வரிசை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சறுக்கல் தேதியில்தான். 12ஆம் தேதி இரவு கிளம்பிய விமானம் நள்ளிரவு தாண்டி விழுந்தால் கல்லறையில் 13 இருக்கும், ஸ்குவாட்ரன் ஏட்டில் 12 இருக்கும். இரண்டு நாளையும் பாருங்கள். சார்ஜண்டாக இருந்து அதிகாரியானவருக்குப் புதுப் படை எண் கொடுத்திருப்பார்கள். பழைய தாள்கள் பழைய எண்ணில் கிடக்கும்.

அடுத்து லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புப் பட்டியலில் விமானத்தின் பதிவு எண்ணைத் தேடுங்கள். அது பெரும்பாலும் இரண்டு எழுத்து, மூன்று இலக்கம்: 'கே.பி. 726' போல. விமானத்தின் பக்கவாட்டில் பெரிதாக எழுதிய அடையாள எழுத்துகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு விமானம் போனால் அதே எழுத்து அடுத்ததற்கு வந்துவிடும்.

எண் கிடைத்ததும் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏர் 27' வரிசைக்குப் போங்கள். ஸ்குவாட்ரன் ஏடுகள் அங்கேதான். படிவம் 540 அன்றாடக் குறிப்பு. படிவம் 541இல் குழுவினர் பெயர், விமானம், கிளம்பிய நேரம் இருக்கும். திரும்பாத விமானத்துக்கு இறங்கிய நேரம் இருக்காது. தட்டச்சுப் பிழைகள் ஏராளம். ஆஸ்திரேலியர் என்றால் அந்நாட்டுக் காப்பகத்தின் 'ஏ705' உயிரிழப்புக் கோப்பு ஒரு புதையல்.

கல்லறை வரிசையும் பேசும். கூட்டுக் கல்லறை என்றால் உடல்களைத் தனித்தனியே அடையாளம் காண முடியவில்லை என்று பொருள். ஆனால் ஜெர்மனியின் ரைக்ஸ்வால்டு போன்ற பெரிய போர் மயானங்கள் விமானம் விழுந்த இடமல்ல. போருக்குப் பின் உடல்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். கல்லறையே தெரியாத 20,000க்கும் மேற்பட்டோர் பெயர் இங்கிலாந்தின் ரன்னிமீடு நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

வால் துப்பாக்கி வீரர் ஏன் தப்பவில்லை என்பதற்கு அவர் உட்கார்ந்த கூண்டையே பாருங்கள். நான்கு பிரௌனிங் துப்பாக்கிகள் போக அதில் ஆளுக்கே இடம் நெருக்கடி. பாராசூட் வெளியே, விமான உடலுக்குள் தொங்கும். கதவைத் திறந்து, அதை எடுத்து மாட்டி, கூண்டைத் திருப்பித்தான் குதிக்க வேண்டும். திருப்பும் எண்ணெய் அழுத்தமோ இயந்திரத்திலிருந்து வருவது. 1944 ஜூன் 12/13 இரவு 419ஆம் ஸ்குவாட்ரனின் கே.பி. 726இல் இடப்பக்க இயந்திரங்கள் போனதும் பேட் பிரோஃபியின் வால் கூண்டு சிக்கிக்கொண்டது. மேல் கூண்டுத் துப்பாக்கி வீரர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி தீக்குள் போய் அவரை விடுவிக்கப் போராடினார், முடியவில்லை. கடைசியில் மைனார்ஸ்கி குதித்தார், ஆனால் தீக்காயத்தால் இறந்தார். விமானத்தோடு விழுந்த பிரோஃபி பிழைத்துக்கொண்டார்! அவர் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. மைனார்ஸ்கிக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிப்பு 1946 அக்டோபரில்.

ஆகவே குழுவில் யாராவது பிழைத்தார்களா, வாக்குமூலம் கொடுத்தார்களா என்று கட்டாயம் தேடுங்கள். யாரும் பிழைக்கவில்லை என்றால், 'இந்த விமானத்தை நான் வீழ்த்தினேன்' என்று ஜெர்மன் இரவு வேட்டை விமானிகள் பதிந்த உரிமைகோரல்களோடு நேரத்தையும் இடத்தையும் ஒப்பிடலாம். இரண்டும் பொருந்தாமல் காரணம் எழுதாதீர்கள்.