கேஸ்கேட் எரிமலைத் தொடர மேப்ல எப்படி படிக்கிறது

அமெரிக்காவோட மேற்குப் பக்கம் இருக்கிற கேஸ்கேட் மலைத்தொடர புரிஞ்சுக்கணும்னா சிகரம் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணாதீங்க, சாட்டிலைட் மேப்ப தொறந்து முதல்ல கடல பாருங்க. ஒரேகான், வாஷிங்டன் மாநிலங்களோட கரைக்கு வெளிய ஹுவான் டி ஃபூக்கானு ஒரு சின்ன தட்டு (பூமியோட மேல் ஓட்டுல நகர்ற ஒரு பாறைத் துண்டு) இருக்கு, அது வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில சொருகிட்டே போகுது, சுமார் 100 கிலோமீட்டர் ஆழம் போனதும் அதுல இருக்கிற தண்ணி கசிஞ்சு மேல உள்ள பாறையோட உருகுநிலைய கொறச்சிடும், அப்படி உருகினதுதான் எரிமலையா வருது. அதான் எல்லாமே கரைய விட்டு உள்ள தள்ளி, ஆனா கரைக்கு இணையா வரிசையா நிக்குது.

இப்ப பனி மூடின வெள்ளைப் புள்ளிகள தொடுங்க. கலிஃபோர்னியா லாசன்ல ஆரம்பிச்சு ஷாஸ்டா, ஹூட், ஆடம்ஸ், ரெய்னியர், பேக்கர்னு கனடா பக்கம் வரைக்கும் போகும். ரெய்னியர்தான் உசரம், 4392 மீட்டர்.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க, வெள்ளையா தெரியிறதெல்லாம் எரிமலை கிடையாது. வாஷிங்டனோட வடக்குல ரம்பப்பல்லு மாதிரி நெருக்கமா நிக்கிற மலைங்க பெரும்பாலும் பழைய கிரானைட்டும் உருமாறின பாறையும், நிலம் மேல தூக்கி பனியாறு செதுக்கினது. அதுக்கு நடுவுல தனியா கூம்பா நின்னு எல்லா பக்கமும் பனியாறு இறங்குதா, அப்ப அது எரிமலை (பேக்கர், கிளேசியர் பீக் ரெண்டையும் பாத்தா தெரிஞ்சிடும்).

கூம்பே இல்லாம போனதும் இருக்கு. செயின்ட் ஹெலன்ஸ ஜூம் பண்ணா வடக்குப் பக்கம் வாய் தொறந்த லாடம் தெரியும், 1980 மே 18 நிலநடுக்கத்துல அந்தப் பக்கம் அப்படியே சரிஞ்சு வெடிப்பு பக்கவாட்டுல போச்சு, மலை சுமார் 400 மீட்டர் கொறஞ்சது. ஒரேகான்ல வட்டமா கரு நீலத்துல கிரேட்டர் லேக், 594 மீட்டர் ஆழம், சுமார் 7700 வருஷம் முன்னாடி மசாமானு ஒரு மலை வெடிச்சு உள்ள உக்காந்த பள்ளம் அது.

அப்புறம் கலர பாருங்க, மேற்கே பச்சை, கிழக்கே பழுப்பு, கடல் மேகம் மலையேறும்போதே மழைய கொட்டிடுது. கொலம்பியா ஆறு மலைய அறுத்துட்டுப் போற பள்ளத்தாக்க ஃபாலோ பண்ணா இந்த மாற்றம் ஒரே நேர்கோட்டுல தெரியும்.

ஆபத்து எங்கனு பாக்கணும்னா மலைய சுத்தி வட்டம் போடாதீங்க, ஆத்துப் பள்ளத்தாக்க பிடிச்சு கீழ இறங்குங்க. ரெய்னியர்ல இருந்து சுமார் 5600 வருஷம் முன்னாடி கிளம்பின சேறு பள்ளத்தாக்கு வழியா பியூஜெட் சவுண்ட் கடல் வரைக்கும் போயிருக்கு, இன்னைக்கு அந்த மாதிரி பழைய சேத்துப் படிவு மேலயே ஊர்கள் இருக்கு.