பழைய சி நிரலில் கைவைக்கும் முன்

போன வாரம் எங்கள் லாஸ்பேட்டை அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு பழைய சி நிரலைக் கம்பைல் செய்தான். சர்வரில் இருப்பது ஜிசிசி என்ற சி கம்பைலரின் பழைய பதிப்பு. திரை முழுக்க வார்னிங். கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில், வார்னிங்கையெல்லாம் அடக்கும் 'மைனஸ் டபிள்யூ' ஆப்ஷனைச் சேர்த்தான், எல்லாம் மறைந்தது. "ஓடுதே அண்ணா" என்றான். ஒரு காலத்தில் நானும் அதையேதான் சொன்னேன். அரைப்புள்ளி விட்டுப்போவதையெல்லாம் கம்பைலரே பிடித்துவிடும், அதை விடுங்கள். பழைய நிரலில் கைவைக்கும்போது நாம் செய்யும் வேறு சில தவறுகளைச் சொல்கிறேன்.

வார்னிங்கின் வாயை அடைப்பது

கடலூர்ப் பக்கம் ஓர் ஆலையின் எடைமேடை மென்பொருள். லாரி ஏறினால் சீட்டு அச்சாகும், மாதக் கடைசியில் கணக்கு வரும். 1989இல் சி மொழிக்கு ஆன்சி தரம் வருவதற்கு முந்தைய பாணி: ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் பெயர்கள் மட்டும், டைப் அடுத்த வரியில், ஃபங்ஷன் எதை வாங்கி எதைத் தரும் என்று முன்கூட்டியே சொல்லும் ப்ரோட்டோடைப் கிடையாது.

32 பிட்டிலிருந்து 64 பிட் லினக்ஸுக்கு அதை மாற்றும் வேலை எனக்கு. நினைவகம் ஒதுக்க ஒரு கோப்பில் 'கெட்மெம்' என்ற சொந்த ஃபங்ஷன். திருப்பித் தருவது பாயின்டர், அதாவது நினைவக முகவரி. கூப்பிடும் கோப்புகளில் அதற்கு அறிவிப்பே இல்லை. அறிவிப்பில்லாத ஃபங்ஷன் இன்ட், அதாவது முழு எண், தரும் என்பது பழைய சியின் அனுமானம். 32 பிட்டில் இரண்டும் ஒரே அளவு, தப்பித்தது. 64 பிட்டில் இன்ட் 32 பிட்டாகவே இருப்பதால் முகவரியின் மேல்பாதி வெட்டுப்படும்.

உடனே விழுந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். சீட்டுக்குத் தேவை சின்ன இடம். அந்த இயந்திரத்தில் அது தாழ்ந்த முகவரியில் கிடைத்தது, மேல்பாதி வெறும் பூஜ்யம், வெட்டினாலும் நஷ்டமில்லை. மாதக் கணக்கோ பெரிய துண்டாகக் கேட்டது. 128 கேபியைத் தாண்டினால் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி வழக்கமாக எம்மேப் என்ற அழைப்பின் வழியே எங்கோ உயரத்திலிருந்து எடுத்துத் தரும். ஆக, மாதம் முழுக்க ஒழுங்காக ஓடி, கடைசி நாள் இரவு தவறான முகவரியைத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட், நிரல் விழுந்தது. காலையில் பஸ் பிடித்து, கிருமாம்பாக்கம் தாண்டும்வரை ஹார்டுடிஸ்க்தான் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் தேடல். கம்பைலர் வரி எண்ணோடு சொன்னதைத்தான் நான் மைனஸ் டபிள்யூ போட்டு அமுக்கி வைத்திருந்தேன்.

ப்ரோட்டோடைப்பை அரைகுறையாகச் சேர்ப்பது

பழைய பாணியில் ஃப்ளோட் (தசம எண்) என்று எழுதியிருந்தாலும் உள்ளே போவது அதைவிடப் பெரிய டபுள். அறிவிப்புகள் இருக்கும் ஹெடர் கோப்பில் மட்டும் ஃப்ளோட் என்று ப்ரோட்டோடைப் எழுதிவிட்டு, ஃபங்ஷன் உள்ள கோப்பில் அந்த ஹெடரைச் சேர்க்காவிட்டால், பதினெட்டு டன் லாரிக்கு ஏதோ குப்பை எண் வரும். ஹெடர், ஃபங்ஷன் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

கெட்ஸ்

வரும் வரி எவ்வளவு நீளம் என்று பார்க்காமல் வாசிக்கும் இந்த ஃபங்ஷனை, 2011இன் சி11 தரமே தூக்கிவிட்டது. அளவைக் கேட்டு வாசிக்கும் எஃப்கெட்ஸ் போடுங்கள்.

வாய்ட் மெயின்

மெயின் ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராது என்று எழுதும் பழக்கம், டர்போ சி என்ற பழைய கம்பைலரோடு போகட்டும்.

அழகுபடுத்தலும் திருத்தமும் ஒரே கமிட்டில்

கமிட் என்பது ஒரே தொகுப்பாகப் பதியும் மாற்றம்; அதில் இடைவெளி மட்டும் மாறிய நாலாயிரம் வரிக்குள் உண்மையில் மாறிய மூன்று வரியை நீங்களே தேடிப் பாருங்கள்.

2024இல் வந்த ஜிசிசி 14, அறிவிப்பில்லாத அழைப்பைப் பிழை என்றே நிறுத்துகிறது. சி23 அந்தப் பழைய பாணி டெஃபினிஷனையே நீக்கிவிட்டது. ஆனால் ஜிசிசியில் அந்த அழைப்புப் பிழையை மறுபடி வார்னிங்காக இறக்கிவிட 'பெர்மிஸிவ்' என்று ஓர் ஆப்ஷனும் இருக்கிறது. எங்கள் பையனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.