அதிபருக்கு ஓராண்டு: ஆதரவுச் சதவீதத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்க அதிபர் சிரில் ராமபோசாவுக்கு "பதவியேற்ற முதல் ஆண்டு" இதுவரை மூன்று முறை முடிந்திருக்கிறது. முந்தைய அதிபர் ஜேக்கப் சுமா பதவி விலகிய மறுநாள், 2018 பிப்ரவரி 15 அன்று, நாடாளுமன்றம் ராமபோசாவை முதலில் தேர்ந்தெடுத்தது. 2019 தேர்தலுக்குப் பின் மே 25 அன்று பிரிட்டோரியாவின் லோஃப்டஸ் விளையாட்டரங்கில் மீண்டும் பதவியேற்றார். ஆளுங்கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்து கூட்டணி அமைத்த பிறகு, 2024 ஜூன் 19 அன்று மூன்றாவது பதவியேற்பு நடந்தது. எனவே "முதல் ஆண்டு முடிவில் அதிபருக்கு இத்தனை சதவீத ஆதரவு" என்று யாராவது சொன்னால், எந்த முதல் ஆண்டு என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். டர்பனில் நடக்கும் அரசியல் வாக்குவாதங்களில் பாதி, இதைக் கேட்காததால் வருவது.

இது வெறும் நாட்காட்டிச் சிக்கல் அல்ல. ஒருவர் இரண்டு பதவிக்காலத்துக்கு மேல் அதிபராக இருக்க முடியாது என்று சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 88ஆம் பிரிவே, இடையில் காலியான பதவியை நிரப்பியவரின் மிச்சக் காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சட்டத்தின் பார்வையில் 2018 பிப்ரவரி முதல் 2019 மே வரையிலான காலம் ஒரு பதவிக்காலமே அல்ல. கருத்துக்கணிப்பு நிறுவனங்களோ அதையும் எண்ணுகின்றன. இரண்டும் சரிதான், ஆனால் ஒன்றின் எண்ணை எடுத்து மற்றொன்றின் வாதத்தில் சொருகக் கூடாது.

கேட்ட நாள் எது?

அந்த மூன்று ஓராண்டுகளும் முடிந்த நாட்களைப் பாருங்கள். 2019 பிப்ரவரி 11 அன்று அரசு மின்நிறுவனமான எஸ்காம் நான்காம் கட்ட மின்வெட்டை அறிவித்தது. நான்கு நாள் கழித்து முதலாவது ஓராண்டு முடிந்தது. அந்த வாரம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரவுச் சமையலை முடித்த ஒரு குடும்பத்திடம் அதிபர் எப்படி என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று ஊகிக்க ஆய்வாளர் தேவையில்லை. இரண்டாவது ஓராண்டு 2020 மே மாதத்தில், ஊரடங்குக்கு நடுவே முடிந்தது. மார்ச் 27 அன்று தொடங்கிய ஊரடங்கின் ஆரம்ப வாரங்களில், ஆபத்து நேரத்தில் தலைவரின் பின்னால் மக்கள் திரளும் வழக்கத்தை இங்கும் பார்த்தோம். மதுவும் சிகரெட்டும் கிடைக்காமல் வாரங்கள் நீண்டபோது அந்த மனநிலை கரைந்தது. மூன்றாவது ஓராண்டு 2025 ஜூனில் முடிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான், மதிப்புக்கூட்டு வரியை ஈராண்டில் 15லிருந்து 16 சதவீதமாக்கும் திட்டம் மார்ச்சில் வந்து, கூட்டணிக்குள்ளேயே பெரும் சண்டையைக் கிளப்பி, ஏப்ரல் 24 அன்று கைவிடப்பட்டது.

ஆகவே செய்தி வந்த தேதியைப் பார்க்காமல், நேர்காணல்கள் நடந்த தேதியைப் பாருங்கள். வீடு வீடாகப் போய் நடத்தும் ஆய்வுகளில் இரண்டுக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடுவது சகஜம். மின்வெட்டின்போது கேட்ட கேள்விக்கு வந்த பதில், விளக்குகள் எரியும் மாதத்தில் அச்சாகி, "இன்றைய நிலை" என்று பரவும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, பதவியேற்ற வேளையின் உச்சத்தோடு ஓராண்டு கழித்து வரும் எண்ணை ஒப்பிடுவது. 2018இன் தொடக்கத்தில் இருந்த உற்சாகத்துக்கு ஆங்கில ஏடுகள் "ராமஃபோரியா" என்று பெயரே வைத்தன. என் கணக்கில் அதில் பாதி ராமபோசா வந்ததற்கானது, மீதி சுமா போனதற்கானது. அந்த இரண்டாவது பாதி எந்த அதிபரிடமும் நீடிக்காது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதியே மதிப்புக்கூட்டு வரி 14லிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஓராண்டில் எண் இறங்குவது பெரும்பாலான அதிபர்களுக்கு நேர்வதுதான். முந்தைய அதிபர் இதே கட்டத்தில், இதே கேள்விக்கு, இதே முறையில் எவ்வளவு பெற்றார் என்று ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும்.

"இந்தியர்களிடம் ஆதரவு" என்ற எண்

தென்னாப்பிரிக்க இந்தியர்களான நம் மக்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். கருத்துக்கணிப்பு அறிக்கை வந்ததும், இனவாரியாகப் பிரித்த அட்டவணையில் "இந்தியர்" என்ற வரிசையைத்தான் நாம் முதலில் தேடுகிறோம். மறுநாள் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் பேச்சு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 6 கோடியே 20 லட்சம் பேர். அதில் இந்தியர் அல்லது ஆசியர் 2.7 சதவீதம். ஆஃப்ரோபாரோமீட்டர் போன்ற ஆய்வு தென்னாப்பிரிக்காவில் 1,600 பெரியவர்களைச் சந்திக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் இந்தியர்கள் ஏறத்தாழ 43 பேர். மொத்த 1,600 பேருக்குப் பிழை வரம்பு (உண்மை எண் எவ்வளவு தள்ளி இருக்கக்கூடும் என்பது) இரு பக்கமும் சுமார் 2.5 புள்ளி. அந்த 43 பேருக்கு மட்டும் அது சுமார் 15 புள்ளி. 43 பேரில் 20 பேர் "அதிபர் நன்றாகச் செய்கிறார்" என்றால் அட்டவணையில் 47 சதவீதம் என்று அச்சாகும். உண்மை 32லும் இருக்கலாம், 61லும் இருக்கலாம். முந்தைய ஆண்டு 58 என்று இருந்து இந்த ஆண்டு 47 ஆனால், "இந்தியர்கள் அதிபரைக் கைவிட்டார்கள்" என்று தலைப்பு வரும். ஐந்து பேர் மாற்றிச் சொன்னதற்கு அவ்வளவு பெரிய தலைப்பு.

அந்த 43 பேரும் நாடெங்கும் சிதறிக் கிடப்பவர்கள் அல்லர். ஆய்வாளர்கள் முதலில் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் சிலரைச் சந்திக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சீராக வெந்த பானைக்குப் பொருந்தும். நிறவெறி ஆட்சியின் குழுப்பகுதிச் சட்டம் இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய நகரங்கள் இவை. குலுக்கலில் சாட்ஸ்வொர்த்தின் ஒரு தெருவும் ஃபீனிக்ஸின் ஒரு தெருவும் விழுந்தால் ஓர் எண் வரும். ஜொஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவும் கடற்கரையோர அம்ஹ்லாங்காவும் விழுந்தால் வேறோர் எண் வரும். 2021 ஜூலைக் கலவரத்தில் 36 பேர் கொல்லப்பட்ட ஃபீனிக்ஸில், "அரசு எங்களைக் காப்பாற்றியதா" என்ற கேள்வி அதிபர் பற்றிய ஒவ்வொரு பதிலுக்குள்ளும் ஒளிந்திருக்கும். லெனேசியாவில் அது அவ்வளவு இருக்காது.

தமிழர்களுக்கு மட்டும் என்று தனி எண் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கருத்துக்கணிப்பு அட்டவணைகளில் நமக்கு வரிசை கிடையாது. பெரும்பாலோர் வீட்டு மொழி ஆங்கிலம் என்றே பதிவு செய்வதால், மொழியை வைத்துப் பிரிக்கவும் வழியில்லை. "தமிழர்களில் இத்தனை சதவீதம் அதிபரை ஆதரிக்கிறார்கள்" என்று யாராவது எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அநேகமாகக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் நடத்திய வாக்கெடுப்பாக இருக்கும். கோபமாக இருப்பவர்கள் முதலில் அழுத்துவார்கள், மற்றவர்கள் காவடிப் படங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சிறுபான்மையினரின் கருத்தை உண்மையிலேயே அறிய விரும்பும் ஆய்வுகள், இந்தியர்களை வேண்டுமென்றே கூடுதலாகச் சந்தித்து, தேசிய எண்ணைக் கூட்டும்போது எடை குறைத்துச் சேர்க்கும். அல்லது பல சுற்றுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும். அறிக்கையில் அப்படி ஒரு வரி இருந்தால் அந்த வரிசையைப் படிக்கலாம். இல்லாவிட்டால் தாண்டிப் போகலாம்.

தேசிய எண்ணுக்கும் சிறிய எச்சரிக்கை உண்டு. தலா 1,600 பேரிடம் நடத்திய இரண்டு ஆய்வுகளை ஒப்பிடும்போது வரம்பு சுமார் 3.5 புள்ளியாகிறது. 50 சதவீதம் 47 ஆனதைச் சரிவு என்று எழுதுவதற்கு அவசரம் வேண்டாம்.

எதைக் கேட்டார்கள்?

"ராமபோசா நல்ல மனிதர்தான், ஆனால் ஒன்றும் செய்ய மாட்டேன் என்கிறார்." டர்பனில் பஸ் நிறுத்தத்திலும் கல்யாண வீட்டிலும் கேட்கக்கூடிய வாக்கியம் இது. இதைச் சொல்பவர், அதிபரைப் பிடிக்குமா என்ற கேள்விக்கு ஆம் என்பார். அவர் வேலையை ஏற்கிறீர்களா என்றால் இல்லை என்பார். அவர்மீது நம்பிக்கை உண்டா என்றால் கொஞ்சம் யோசித்து "ஓரளவு" என்பார். நாடு சரியான திசையில் போகிறதா என்றால் வாய்விட்டுச் சிரிப்பார். ஒரே ஆள், நான்கு பதில். ஆஃப்ரோபாரோமீட்டர் கேட்பது, கடந்த பன்னிரண்டு மாதங்களில் அதிபர் தம் பணியைச் செய்த விதத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று. வலுவாகவா, சாதாரணமாகவா என்றும் பிரித்துக் கேட்கும். நம்பிக்கை பற்றிய கேள்வி அதே ஆய்வில் தனியாக இருக்கிறது. வேறு நிறுவனங்கள் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கின்றன. பத்துக்கு 5.5 என்ற சராசரியை 55 சதவீத ஆதரவு என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

"தெரியாது" என்பவர்களை மறந்துவிடுவதும் நடக்கிறது. ஏற்பவர் 45, மறுப்பவர் 35, சொல்லத் தெரியாதவர் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். "பாதிக்கும் குறைவானோரே ஆதரவு" என்றும் எழுதலாம், "ஆதரவே மேலோங்கியது" என்றும் எழுதலாம். இரண்டும் பொய்யல்ல. எழுதுபவர் எந்தக் கட்சிக்காரர் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆதரவு வேறு, ஓட்டு வேறு

அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பார்த்துப் பழகிய நமக்கு, அதிபரின் ஆதரவு எண் என்றாலே அடுத்த தேர்தலின் முன்னோட்டம் என்ற நினைப்பு. அமெரிக்காவிலேயே அது சரியாக வருவதில்லை. வளைகுடாப் போர் முடிந்த 1991 மார்ச்சில் காலப் (Gallup) நிறுவனத்தின் கணிப்பில் மூத்த ஜார்ஜ் புஷ் 89 சதவீதத்தில் இருந்தார். அடுத்த ஆண்டு தோற்றார். ரீகன் முதல் ஆண்டு முடிவில் 50 சதவீதத்துக்கும் கீழே இருந்தார். 1984இல் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார்.

இங்கே சிக்கல் இன்னும் ஆழம். தென்னாப்பிரிக்கர் எவரும் அதிபருக்கு ஓட்டுப் போடுவதில்லை. கட்சிக்குப் போடுகிறோம், 400 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றம் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறது. 2024இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 40.18 சதவீத ஓட்டும் 159 இடங்களும் பெற்றது. ஆனாலும் ஜூன் 14 அன்று ராமபோசா 283 உறுப்பினர்களின் ஓட்டில் வென்றார்; எதிர்த்து நின்ற ஜூலியஸ் மலேமாவுக்கு 44. அந்த 283 என்பது கூட்டணிக் கணக்கு. மக்கள் செல்வாக்கை அதில் தேடக் கூடாது.

பதவி பறிபோவதும் இதே போலத்தான். 2008 செப்டம்பரில் தாபோ இம்பெக்கியை இறக்கியதும், 2018 பிப்ரவரியில் சுமாவை விலக வைத்ததும் அவர்களின் சொந்தக் கட்சி. ஆதரவு 30 சதவீதத்துக்கு இறங்கினாலும் கட்சி பின்னால் நின்றால் அதிபர் நீடிப்பார். 60 இருந்தாலும் கட்சி மாநாட்டில் தோற்றால் நாட்கள் எண்ணப்படும்.

யாரிடம் கேட்டார்கள் என்பதும் சேர்கிறது. கணிப்புகள் பெரும்பாலும் பெரியவர்கள் அனைவரையும் கேட்கின்றன. 2024இல் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 2 கோடியே 77 லட்சத்துக்குச் சற்று மேல்; ஓட்டுப் போட்டவர்கள் அதில் 59 சதவீதம்கூட இல்லை. ஓட்டுரிமை வயதில் இருந்தும் பதிவே செய்யாதவர்கள் கோடிக்கு மேல். அதிபரை ஏற்கும் பலர் தேர்தல் நாளில் வீட்டில் இருந்துவிடுவார்கள். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நாம் இதை நேரில் பார்த்தோம். சுமாவின் எம்கே கட்சி மாகாணத்தில் 45.35 சதவீதம் எடுத்தது, ஆளுங்கட்சி 17க்கு இறங்கியது. தேசிய சராசரியைப் படித்துவிட்டு மாகாண முடிவை ஊகித்தவர்கள் அன்றிரவு வாய் திறக்கவில்லை.

கதவைத் தட்டியவர் யார்?

அறிக்கைகளில் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும் செய்திதான் எனக்குப் பிடித்தது. நேர்காணலை எப்படி நடத்தினார்கள் என்பது. தொலைபேசியில் கேட்டால் கைப்பேசியை எடுக்காதவர்கள் விடுபடுவார்கள். நேரில் போனால் மின்வேலி போட்ட குடியிருப்பின் காவலர் உள்ளே விடமாட்டார். கொரோனா காலத்தில் ஜொஹானஸ்பர்க் பல்கலைக்கழகமும் மனித அறிவியல் ஆய்வு மன்றமும் மோயா என்ற கைப்பேசிச் செயலி வழியாகக் கேட்டன. அந்த எண்களை வீடு வீடாகப் போன ஆய்வின் எண்களோடு ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் போடக் கூடாது.

நேரில் வருபவரிடம் மக்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் இல்லை. மாதாமாதம் அரசு உதவித்தொகை வாங்கும் ஒரு பாட்டி, கையில் கணினிப் பலகையோடு வாசலில் நிற்கும் இளைஞரை அரசாங்கத்து ஆள் என்று நினைத்தால், அதிபரைப் பற்றிய குறை சற்று மெலிந்துதான் வெளிவரும். ஆஃப்ரோபாரோமீட்டர் இதற்காகவே கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறது: "எங்களை யார் அனுப்பியதாக நினைக்கிறீர்கள்?" அரசாங்கம் என்று பதில் சொல்பவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தனியாகவும் மற்றவர்களைத் தனியாகவும் பிரித்து, அதிபர் பற்றிய கேள்விக்கு என்ன சொன்னார்கள் என்று நீங்களே பார்க்கலாம். தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.