வௌவால் எச்சம் கிடக்கும் பழைய வீட்டைச் சுத்தம் செய்வது எப்படி? நுரையீரல் பத்திரம்!

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டையோ பழைய புளிக் குடோனையோ திறந்தால் தரையெல்லாம் வௌவால் எச்சமாகக் கிடக்கும். உடனே துடைப்பத்தை எடுத்துவிடாதீர்கள். வௌவால், பறவை எச்சம் கலந்து மக்கிய மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும். கிளறினால் அதன் வித்துகள் தூசியோடு பறந்து மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போய்விடும். நம் நாட்டில் இது அதிகம் பதிவாவது கங்கைச் சமவெளியில், குறிப்பாக மேற்கு வங்கத்தில். தெற்கே குறைவு, அதனாலேயே இங்கே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

முதலில் யார் உள்ளே போவது என்று முடிவு செய்யுங்கள். குழந்தைகள், வயதானவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் வேண்டவே வேண்டாம். துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்பார்கள், போதாது. சிறிய வித்துகள் ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்குகூட இருக்காது. என்-95 மாஸ்க் வாங்கி, மூக்குக் கம்பியை அழுத்தி இடைவெளி இல்லாமல் போடுங்கள்.

அடுத்து நனைப்பது, இதுதான் முக்கியம். பூவாளியில் மெல்லத் தெளியுங்கள், மோட்டார் பைப்பால் பீய்ச்சினால் தூசிதான் கிளம்பும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குச்சியால் நெம்பிப் பாருங்கள், மேலே கறுத்து ஈரமாக இருந்தாலும் அடியில் பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கும். அப்படியென்றால் மறுபடி தெளித்துக் காத்திருக்க வேண்டும். அப்புறம் மண்வெட்டியால் அள்ளி, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். கணுக்கால் அளவு குவிந்திருந்தால் நீங்களே இறங்காதீர்கள், உரிய பாதுகாப்புக் கருவிகள் உள்ளவர்களிடம் விடுங்கள்.

வேலை முடிந்து 3 முதல் 17 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, அசதி வந்தால் கவனியுங்கள். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். விடாமல் இருந்தால் டாக்டரிடம் போங்கள், போனதும் எச்சம் அள்ளியதை நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இது காசநோய் போலவே தெரியலாம். 1905-ல் பனாமாவில் இதை முதலில் கண்ட டாக்டர் சாமுவேல் டார்லிங் பார்த்த நுரையீரலிலும் காசநோய்க் கட்டிகள் போன்றவைதான் இருந்தன. சளிப் பரிசோதனையை அவசியம் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே டிபி மாத்திரை ஆரம்பித்து, குணம் தெரியவில்லை என்றாலும் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் இந்த விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பூஞ்சைதான் என்று உறுதியாகி மருந்து தேவைப்பட்டால் பொதுவாக இட்ரகோனசோல் தருவார்கள், 6 முதல் 12 வாரம் வரை. தீவிரமானால் ஆஸ்பத்திரியில் சேர்த்து முதலில் ஆம்போடெரிசின் பி ஊசி. இட்ரகோனசோல் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போடுங்கள், அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. இதய நோயோ வேறு மாத்திரைகளோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, அதனால் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி அறை எதுவும் தேவையில்லை.