பழைய ஏர் கம்ப்ரசர் கையில் கிடைத்தால்
முதலில் பெயர்ப்பலகையைத் தேடுங்கள், பம்ப், மோட்டார், டேங்க் மூன்றிலும் தனித்தனியாக இருக்கலாம். கிரீஸ் மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், உப்புத்தாள் போட்டால் எழுத்தே போய்விடும். கோயம்புத்தூர் எல்ஜி (ELGi) என்றிருந்தால் 1960-க்கு முந்தையது இல்லை, கம்பெனி தொடங்கியதே அப்போதுதான்.

டேங்க்தான் உயிர் விஷயம். அடியில் தேங்கும் தண்ணீர் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அதனால் காற்று துளியும் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தம் 8 பார் என்றால் கைப்பம்பால் 12 பார் வரை ஏற்றிப் பாருங்கள். காற்றை வைத்துச் சோதிக்கவே கூடாது, டேங்க் வெடித்துவிடும். கசிந்தால் தூக்கிப் போடுங்கள், வெல்டிங் வேண்டாம்.

அப்புறம் பம்பின் ஹெட்டை, அதாவது மேல்மூடியை, கழற்றி வால்வுத் தகடுகளில் கரியை எடுத்துவிட்டு, புது கேஸ்கட், புது ஆயில். சேஃப்டி வால்வும் புதிதாகவே போடுங்கள்.