12 அங்குலம் 9 ஆன கதை

காட்பாடி வீட்டுக்கு வாங்கிய புது கம்மோடு, தரைக்குழாய் வாய்மேல் உட்காரவில்லை. டாங்க் சுவரில் முட்டியது. எஸ் டிராப் (கழிவு தரைவழியே இறங்கும் வகை), சுவரிலிருந்து குழாய்க்கு 12 அங்குலம் என்று அளந்துதான் வாங்கினேன். பிளம்பர் வளைந்த இணைப்பு ஒன்றைப் போட்டார். ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் மேலேறி நின்று மெல்ல இறங்கியது. தரையை உடைக்கலாம் என்றார், கீழ்வீட்டுக்காரர் விடுவாரா? மூன்று நாள் போச்சு.

டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். சுவரிலிருந்து குழாயின் மையம் 9 அங்குலம்தான். முதலில் நான் அளந்தது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வெறும் சுவரிலிருந்து, 4 அங்குலக் குழாயின் முன்விளிம்பு வரை. பாதிக் குழாய் 2, கலவையும் டைல்ஸும் 1. சரி, கணக்கு இடித்தது அங்கேதான். 225 மி.மீ., அதாவது சுமார் 9 அங்குல எஸ் டிராப்புக்கு மாற்றினேன். அப்படியே உட்கார்ந்தது, அப்பாடா! அடியில் வெள்ளை சிமெண்ட் பூசி, ஒரு நாள் யாரையும் உட்காரவிடவில்லை.