தனியாகப் போக ஊர் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

நான் முதன்முதலில் தனியாகப் போன ஊர் கொடைக்கானல். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன்கள் எட்டுப் பேர் வேன் பிடித்துப் போய்வந்து, ஒரு மாதம் அதே பேச்சாகத் திரிந்தார்கள். எனக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. சரி, தனியாகவே போய்விடலாம் என்று பிறகு கிளம்பினேன். பகலில் ஒரு குறையும் இல்லை. ஏரியைச் சுற்றி நடந்தேன், கோக்கர்ஸ் வாக்கில் மேகம் பார்த்தேன். ஏழு மணிக்கு மேல்தான் வந்தது வினை. ஏரிப்பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை, குளிர் எலும்பில் ஏறுகிறது. எட்டரைக்கெல்லாம் லாட்ஜ் அறையில் இரண்டு கம்பளிக்குள் படுத்துவிட்டேன். எங்கள் பக்கம் எட்டரை மணிக்குத்தான் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடையில் கூட்டமே கூடும்; அகன்ற பாத்திரத்தில் நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் கையால் பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறு பொரியலை நொறுக்கிப் போட்டுத் தட்டை நீட்டுவார்கள். அதை நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

எட்டுப் பேர் சிரித்த ஊரில் தனி ஆளுக்கும் சிரிப்பு வரும் என்று நினைத்ததுதான் தவறு. கூட்டமாகப் போனவர்கள் ராத்திரி அறையில் சீட்டாடுவார்கள், கதை அடிப்பார்கள். தனியாகப் போகிறவருக்குத் தெருதான் துணை. அதனால் ஓர் ஊரைப் பற்றி நான் முதலில் கேட்கும் கேள்வி, பார்க்க என்ன இருக்கிறது என்பதல்ல. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை அங்கே என்ன செய்வேன் என்பதுதான். மதுரை என்றால் மாசி வீதிகளில் நடக்கலாம், ஜிகர்தண்டா குடிக்கலாம், பரோட்டா கல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஹைதராபாத் என்றால் சார்மினாரைச் சுற்றி வளையல் கடைகள். மலையூருக்கு இந்தக் கேள்வியில் பாஸ் மார்க் கிடைக்காது.

செலவிலும் இதே கதைதான். கொடைக்கானலில் இடம் சுற்றிக் காட்டும் டாக்ஸிக்கு வண்டிக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு, ஆளுக்கு இவ்வளவு என்று கிடையாது. எட்டுப் பேர் போனால் பிரித்துக்கொள்ளும் காசை நான் ஒருவனே கொடுத்தேன். அறை வாடகையும் இருவருக்குப் போட்ட கணக்கு. கோவாவும் இதே மாதிரிதான். ஓலா, ஊபர் ஓடாத ஊர். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதவர் தனியாகப் போனால் ஒரு கடற்கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். டவுன் பஸ்ஸும் மெட்ரோவும் ஷேர் ஆட்டோவும் ஓடுகிற ஊர்தான் தனி ஆளின் பர்ஸுக்குத் தோது.

போய்ச் சேரும் நேரத்தைப் பார்க்காமல் டிக்கெட் போடுவது அடுத்த தவறு. விசாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சென்ட்ரலில் கிளம்பும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இருட்டிய பிறகுதான் அங்கே கொண்டுபோய் இறக்கும். மாலையில் கிளம்பும் ஹவுரா மெயிலோ மறுநாள் காலையில் இறக்கும். ஊர் ஒன்றுதான், ஆனால் தனியாகப் போகிறவருக்கு இரண்டும் வேறு வேறு ஊர். ராத்திரி இறங்கினால் ஆட்டோக்காரர் சொன்னதே விலை, லாட்ஜ்காரர் காட்டியதே அறை. காலையில் இறங்கினால் பையைக் கிளோக் ரூமில் போட்டுவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, நாலு லாட்ஜ் ஏறி இறங்கிப் பேரம் பேசலாம்.

விசாகப்பட்டினத்தை நம் பக்கத்து ஆட்கள் ஏனோ கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆர்.கே. பீச்சில் கரையேற்றி நிறுத்தியிருக்கும் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நுழைந்து பார்க்கலாம். சோவியத்தில் கட்டி 1969இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வு பெற்று, மறு வருஷமே அருங்காட்சியகமான கப்பல் அது. குனிந்து குனிந்து நடந்தால், இதற்குள் மாசக்கணக்கில் எப்படி இருந்தார்கள் என்று மூச்சு முட்டும். அதோடு, கொருக்குப்பேட்டை, ராயபுரம் பக்கம் வளர்ந்தவருக்குப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு காதில் விழாமல் இருந்திருக்காது. மொழி தெரியாது என்று ஆந்திரத்தைத் தள்ளிவைக்கிறவர்கள் நம்மிடமே இருப்பதுதான் வேடிக்கை.

ஸ்டேஷன் எது என்பதையும் பார்க்க வேண்டும். ஹைதராபாத் என்று சொல்லி டிக்கெட் போட்டால் செகந்தராபாத், நாம்பள்ளி, காச்சிகூடா, செர்லப்பள்ளி என்று நாலில் எதில் வேண்டுமானாலும் இறங்க நேரலாம். செர்லப்பள்ளி ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே இறங்கி சார்மினார் பக்கம் அறை போட்டவர், ரயில் டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசை ஆட்டோவுக்குக் கொடுத்துவிடுவார்.

கிழமையைப் பார்க்காமல் போவதும் நடக்கிறது. சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கல்கத்தா விக்டோரியா மெமோரியலுக்குத் திங்கட்கிழமை. மைசூரு அரண்மனையில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள் ஏற்றுகிற அலங்காரம் முக்கியமாக ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் இரவில். சென்ட்ரலில் காலையில் வந்தே பாரதோ சதாப்தியோ ஏறினால் மதியம் மைசூரு வந்துவிடும், அருமையான தனி ஆள் ஊர். ஆனால் சனிக்கிழமை போய் ஞாயிறு மதியம் திரும்புகிறவர், ஊரே பேசுகிற காட்சியைச் சில மணி நேரத்தில் கோட்டைவிடுகிறார். தசரா சமயத்தில் மட்டும் அறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

மழை விஷயத்தில் சென்னைக்காரர்கள் எல்லோருமே ஏமாறுகிறோம். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஜூன், ஜூலையில் இங்கே வெயில் காய்கிறதே என்று கொச்சிக்கும் மும்பைக்கும் டிக்கெட் போடுகிறோம். அறை வாடகை குறைவாக இருக்கிறதே என்று வேறு சந்தோஷம். ஏன் குறைவு என்று அங்கே போய் இறங்கியதும் தெரிந்துவிடும். காசிக்கு ஆகஸ்டில் போனால் கங்கை ஏறி வந்து படித்துறைகள் தண்ணீருக்குள் இருக்கும், படகையும் நிறுத்திவிடுவார்கள்.

லாட்ஜ் சமாச்சாரம் ஒன்று. கோயில் ஊர் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தவர் என் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார்.

"கூட யாரு சார் வர்றாங்க?"

"யாரும் இல்லைங்க, நான் மட்டும்தான்."

ஆதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆன்லைனில் காசு கட்டிய ரசீதைக் காட்டியும் பலனில்லை. தனி ஆளுக்கு அறை கொடுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. இப்போதெல்லாம் ஊரை முடிவு செய்வதற்கு முன்பே இரண்டு மூன்று லாட்ஜுக்குப் போன் போட்டு, "ஒருத்தர்தான், ரூம் கிடைக்குமா?" என்று கேட்டுவிடுகிறேன். இழுத்துப் பதில் சொன்னால் அந்த ஊரே வேண்டாம்.

என் தங்கை இதில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஸ்டேஷன், தங்கும் இடம், ராத்திரி சாப்பிடும் கடை மூன்றும் நடக்கிற தூரத்தில், விளக்கு எரிகிற தெருவில் இருக்கிறதா என்று மேப்பில் பார்ப்பாள். இல்லையென்றால் எத்தனை பேர் புகழ்ந்தாலும் போகமாட்டாள். கொச்சிக்குப் போனபோது அப்படித்தான் தப்பித்தாள். பலரும் ஃபோர்ட் கொச்சியில் அறை போட்டுவிடுவார்கள். ரயில் நிற்பதோ தண்ணீருக்கு இந்தப் பக்கம், எர்ணாகுளத்தில். இருட்டில் இறங்கி அந்தக் கரைக்குப் போய்ச் சேர்வது பெரிய பாடு. அவள் எர்ணாகுளத்திலேயே தங்கி, காலையில் படகுத்துறையில் சில ரூபாய் டிக்கெட் எடுத்து, இருபது நிமிஷத்தில் அக்கரை போய் சீன மீன்பிடி வலை பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டாள்.

வடசென்னைக்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. ஊர் எவ்வளவு தூரம் என்று சென்னையிலிருந்து கணக்குப் போடுவோம், வீட்டிலிருந்து போடமாட்டோம். தெற்கே போகும் பெரும்பாலான பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன. தண்டையார்பேட்டையிலிருந்து அது கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். மெட்ரோவில் ஏர்போர்ட் வரை போய், அங்கிருந்து பஸ் மாறிப் போவதற்குள் பாதி உற்சாகம் வடிந்துவிடும். திரும்பி வரும்போது இன்னும் மோசம், பஸ் விடியற்காலை மூன்று மணிக்குக் கொண்டுவந்து இறக்கிவிடும். ஆந்திரா பஸ்கள் மாதவரத்திலிருந்து போகின்றன, நமக்குக் கூப்பிடு தூரம். நெல்லூருக்கும் விஜயவாடாவுக்கும் ராத்திரிச் சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டே கிளம்பலாம்.

முதல் தடவை தனியாகப் போகிறவர்கள் கேட்டால் நான் மதுரையைத்தான் சொல்வேன், அதுவும் ரயிலில். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து டவுன்ஹால் ரோட்டில் நேரே நடந்தால் கோயில். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், பையைப் பிடித்துக்கொள்ளவும் கூட ஆள் இல்லை. அதனால் இரண்டையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். திரும்புவதற்கு பாண்டியன் எக்ஸ்பிரஸ். விடியற்காலை எழும்பூர், சென்ட்ரலில் ஒரு மெட்ரோ மாறினால் தண்டையார்பேட்டை. ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக் காபி.